கண்ணாடிக் கடையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு: ஐக்கிய அமெரிக்காவிற் பார்வை அளவையியற் கல்வியின் நுழைவாயில்

ஓர் உயர்தொழிலின் வரலாற்றை அதன் முன்னோடிகளது சாதனைகளின் தொகுப்பாக எழுதுவது மரபாக இருந்து வந்துள்ளது. அத்தொழிலுக்குட் புக விரும்பியோரிடம் எக்காலத்தில் எத்தகுதிகள் கோரப்பட்டன, அவற்றைக் கோரியோர் யாவர், அவற்றை ஈட்டும் வாய்ப்பு எவ்வர்க்கத்தாருக்குக் கிட்டியது என்னும் வினாக்களை முன்வைத்தும் அவ்வரலாறு எழுதப்படலாம். கண்ணின் பார்வைக் குறைபாட்டை அளந்து அதற்குரிய வில்லையை விதிக்கும் தொழிலை, அதாவது ஒப்டோமெற்றி எனப்படும் பார்வை அளவையியலை, அவ்வாறு நோக்குவதே இக்கட்டுரையிற் செய்யப்படுவது. ஐக்கிய அமெரிக்காவை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. இத்தொழிலுக்குச் செல்லும் பாதை மிக நீண்டதாக அமைந்துள்ள நாடுகளுள் அது ஒன்று. அந்நீட்சி எவ்வாறு ஏற்பட்டது என்பதும் சட்டங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் தெளிவாகப் பதிந்துள்ளது.

இன்றைய நிலையை முதலிற் கூறுதல் பொருந்தும். அங்கு பார்வை அளவையியற் கல்லூரியொன்றிற் சேர விரும்பும் மாணவர், பல்கலைக்கழகமொன்றில் முதற்பட்டத்திற்கான படிப்பை மூன்று ஆண்டுகளேனும் மேற்கொண்டிருத்தல் வேண்டும். பெரும்பாலார் நான்காண்டுகள் கற்றுப் பட்டம் பெற்ற பின்னரே சேர்கின்றனர். பட்டத்தின் பிரதான பாடம் எதுவாகவும் இருக்கலாம். ஆயின் உயிரியல், பொது இரசாயனம், சேதன இரசாயனம், உயிர் இரசாயனம், பௌதிகவியல், நுண்ணுயிரியல், உடற்றொழிலியல், நுண்கணிதம், புள்ளிவிபரவியல், உளவியல், ஆங்கிலக் கட்டுரை ஆகியவற்றுட் பெரும்பாலானவற்றைச் செய்முறை வகுப்புகளோடு முடித்திருத்தல் வேண்டும். இயற்கை விஞ்ஞானத்தில் நூறு வினாக்களும் பௌதிகவியலில் நாற்பது வினாக்களும், இவற்றோடு வாசிப்பு, எண்கணித நியாயம் ஆகியனவும் அடங்கிய பொது நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். பார்வை அளவையாளர் ஒருவரின் கூடத்திற் பல மணித்தியாலங்கள் ஊதியமின்றி அமர்ந்து அவதானித்திருத்தல் வேண்டும். அதன் பின்னர் நான்காண்டுத் தொழிற்கல்வி. ஆக, பள்ளிப் படிப்பின் பின் ஏழு அல்லது எட்டு ஆண்டுகள்.

இத்தனையையும் கண் கேட்கிறதா, அல்லது தொழில் கேட்கிறதா என்பதே நமது வினா.

மூக்குக்கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியில் தோன்றிய கைவினைப் பொருள். அதனைச் செய்தோர் மருத்துவரல்லர். 1623 இல் ஸ்பெயினின் செவில் நகரத்தில் வில்லைகளின் வலுவைப் படிமுறையாக வகுத்து நூல் எழுதிய பெனித்தோ தாஸா தெ வல்தேஸ், திருச்சபையின் சமயக் குற்ற விசாரணை மன்றத்திற் பத்திர எழுத்தராகப் பணிபுரிந்தவர். 1629 இல் இலண்டன் கண்ணாடி செய்வோர் சங்கம் முதலாம் சார்ள்ஸ் மன்னனிடமிருந்து பட்டயம் பெற்றது. அது ஏனைய கைவினைச் சங்கங்களைப் போன்ற ஒரு சங்கமே. மருத்துவர்கள் நெடுங்காலம் கண்ணாடியைத் தமது கவனத்திற்குரியதாகக் கருதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் நகை வியாபாரியும், கடிகாரம் திருத்துபவரும், ஊர் ஊராகப் பெட்டி சுமந்து திரிந்த சில்லறை வியாபாரியும் கண்ணாடி விற்றனர். வாங்குபவர் ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்துத் தமக்கு இசைந்ததைத் தெரிந்துகொண்டார்.

விஞ்ஞானம் இந்நிலையை மாற்றியது. 1801 இல் தோமஸ் யங் தமது கண்ணிலேயே உருக்குவியக் குறைபாட்டை அளந்து கூறினார். 1851 இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அமைத்தார். 1862 இல் ஸ்னெலனின் எழுத்து அட்டை வந்தது. 1864 இல் ஒல்லாந்தரான டொண்டேர்ஸ், முதுமையில் அண்மைப் பார்வை தளர்வதையும் பிறவியிலேயே அமைந்த தூரப்பார்வையையும் வேறுபடுத்தி, கண்ணின் ஒளிமுறிவு பற்றிய முழுமையான நூலொன்றை வெளியிட்டார். இவற்றின் விளைவாகக் கண்ணை அளத்தல் என்னும் செயல், கண்ணாடி விற்றல் என்னும் செயலினின்று கோட்பாட்டளவிற் பிரிந்துவிட்டது. ஆனால் நடைமுறையில் இரண்டும் ஒரே மேசையில், ஒரே மனிதராற் செய்யப்பட்டன. உழைப்புப் பிரிவினை அறிவின் வளர்ச்சிக்குப் பின்தங்கியிருந்த இவ்விடைவெளியிலேயே மோதல் தோன்றியது.

மோதல் ஒரு சிறு தொகையைப் பற்றியது. நியூயோர்க் நகரில் கண்ணாடித் தொழில் நடத்திய சார்ள்ஸ் பிரென்ரிஸ், கண்ணாடித் தொழிலாளியின் மகன். ஜேர்மனியிற் பொறியியல் கற்றவர். அரியத்தின் வலுவை அளக்கும் அலகொன்றை வகுத்தவர். அவர் பார்வையைச் சோதித்தமைக்கெனத் தனியாக மூன்று டொலர் அறவிட்டார். 1892 இல் அந்நகரின் புகழ்பெற்ற கண் மருத்துவ நிபுணரான ஹென்றி நோய்ஸ் இதனை ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். கண்ணாடிக்கு விலை கேட்கலாம், ஆலோசனைக்குக் கட்டணம் கேட்கலாகாது என்பதே ஆட்சேபத்தின் சாரம். கண்ணாடியின் விலைக்குள் அம்மூன்று டொலரை மறைத்து வாங்கியிருந்தால் எவரும் வாய்திறந்திரார் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். சர்ச்சைக்குள்ளானது தொகையன்று. பண்டம் விற்பவன் தன் அறிவுக்கும் விலை கூறலாமா என்பதே சர்ச்சை. கைவினைஞனது அறிவு அவன் செய்யும் பொருளுள் அடங்கிக் கிடக்கும்வரை அவன் வியாபாரி. அவ்வறிவு பொருளினின்று பிரிந்து தன்னளவில் விலைபெறும்போது அவன் உயர்தொழிலாளன். மருத்துவர்கள் இவ்வேறுபாட்டை மிக நன்றாக உணர்ந்திருந்தனர். ஏனெனில் அவர்தம் சமூக நிலையே அதன்மீது எழுந்தது.

பிரென்ரிஸும் அவரைச் சார்ந்தோரும் 1896 இல் நியூயோர்க் சட்டசபையில் மசோதா ஒன்றைக் கொண்டுவந்து தோற்றனர். 1901 இல் மினசோட்டா முதலாவது சட்டத்தை இயற்றியது. நியூயோர்க் 1908 வரை காத்திருந்தது. 1924 அளவில் எல்லா மாநிலங்களிலும் சட்டம் இருந்தது. இச்சட்டங்கள் பொதுவாகத் தொழிலை வரையறுத்த முறையே அதன் அடுத்த அரை நூற்றாண்டை நிர்ணயித்தது எனலாம்: மருந்தைப் பயன்படுத்தாது கண்ணின் ஒளிமுறிவை அளத்தல் என்பது அவ்வரையறை. மருந்து மருத்துவரின் எல்லைக்கல்லாக நாட்டப்பட்டது.

சட்டம் வந்ததும் பரீட்சை தேவைப்பட்டது. பரீட்சைக்குப் பாடசாலை தேவைப்பட்டது. அதுவரை சில வாரப் பயிற்சியளித்த தனியார் நிலையங்களும் அஞ்சல்வழிப் பாடங்களுமே மிகுந்திருந்தன. கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1910 இலும், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 1914 இலும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகம் 1923 இலும் இக்கல்வியை ஏற்றன. 1910 மருத்துவக் கல்வி பற்றிய பிளெக்ஸ்னர் அறிக்கை வெளிவந்த ஆண்டுமாகும். பல மருத்துவக் கல்லூரிகள் மூடப்படுவதற்கும், எஞ்சியவற்றிற் சேருமுன் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்வி பெற்றிருத்தல் வேண்டுமென்னும் விதி வலுப்பெறுவதற்கும் அவ்வறிக்கை வழிவகுத்தது. பார்வை அளவையாளர் சங்கங்களுக்கு இது முன்மாதிரியாயிற்று. உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் போதுமென்ற நிலை மாறி, நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓராண்டு, பின்னர் ஈராண்டு முன்னாயத்தக் கல்வி கட்டாயமாயிற்று. 'டொக்டர்' என்னும் பட்டமும் பொதுவழக்காயிற்று. மருத்துவரின் ஏளனத்திற்கு இவர்கள் அளித்த விடை, மருத்துவரின் வாசற்படிகளைத் தமது வாசலிலும் கட்டுவதாக இருந்தது.

1955 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்கினால் இவ்வர்க்கப் பகுதியின் இரட்டை நிலை துலக்கமாகும். அவ்வாண்டு அமெரிக்க மருத்துவச் சங்கம், பார்வை அளவையியற் பாடசாலைகளில் மருத்துவர் கற்பித்தல் தொழில் ஒழுக்கத்திற்கு மாறானதெனத் தீர்மானித்தது. மேலிருந்து கதவு சாத்தப்பட்டது. அதே ஆண்டில், லீ ஒப்டிக்கல் வழக்கு எனப்படும் வழக்கில், ஒக்லஹோமா மாநிலச் சட்டமொன்றை உயர் நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. பார்வை அளவையாளரோ கண் மருத்துவ நிபுணரோ எழுதிய விதிப்பின்றி, வில்லையை வெட்டிப் பொருத்தும் கண்ணாடித் தொழிலாளர் எவருக்கும் கண்ணாடி பொருத்தலாகாது என்பது அச்சட்டம். உடைந்த வில்லையை அளந்து அதே வலுவில் இன்னொன்று செய்துகொடுப்பதும் அதனாற் பாதிக்கப்பட்டது. பல சந்தர்ப்பங்களில் இது தேவையற்ற கோரிக்கையாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதனை நிறுத்துப் பார்ப்பது சட்டசபையின் வேலை என்றது. மேலேயிருந்து தம்மீது சாத்தப்பட்ட கதவையே, அரை நூற்றாண்டுக்கு முன் தம்மோடு ஒரே மேசையில் இருந்த கைவினைஞர்மீது பார்வை அளவையாளர் சாத்தினர். அச்சட்டம் ஆயத்தக் கண்ணாடி விற்ற பெருங்கடைகளுக்கு விலக்களித்தது என்பதும் மனங்கொளத்தக்கது. கைவினைஞன் தடுக்கப்பட்டான், கடைமுதலாளி தடுக்கப்படவில்லை.

இதுவரை கூறியதைக்கொண்டு முன்னாயத்தக் கல்வி முழுவதும் வெறும் வேலி என்று முடிவுகட்டுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். நமது முற்போக்கு வட்டாரங்களில் இத்தகைய அவசர முடிவுகள் அருமையல்ல. 1968 ஜனவரியில் நியூயோர்க்கின் லாகுவார்டியா விமான நிலையத்தருகே கூடிய சிறு குழுவினர், மருந்தில்லாத் தொழில் என்னும் பழைய வரையறையை உடைத்துக் கண்ணோயைக் கண்டறியும் தொழிலாக இதனை விரிப்பதெனத் தீர்மானித்தனர். 1971 இல் றோட் ஐலண்ட் மாநிலம் சோதனைக்கான மருந்துகளையும், 1976 இல் மேற்கு வேர்ஜீனியா சிகிச்சைக்கான மருந்துகளையும் அனுமதித்தன. 1990களின் இறுதியளவில் ஏதோ ஓரளவில் எல்லா மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. 1998 இல் ஒக்லஹோமா சில லேசர்ச் சிகிச்சைகளையும் இவர்களுக்குத் திறந்துவிட்டது. கண்மணியை விரிக்கும் துளியை இடுபவருக்கும் கண்ணழுத்த நோய்க்கு மருந்து எழுதுபவருக்கும் சேதன இரசாயனமும் உடற்றொழிலியலும் தெரியாதிருப்பின் நோயாளியின் கதி என்ன? தொடுவில்லை அணிந்தவரின் விழிவெண்படலத்தில் தொற்று ஏற்படும்போது நுண்ணுயிரியல் ஏட்டுச் சுரைக்காயாக இராது. வில்லையின் வழியே ஒளி குவிவதையும் விரிவதையும் கணிப்பதற்குப் பௌதிகவியலே அடிப்படை. நிறத்தையும் ஆழத்தையும் மூளை எவ்வாறு உணர்கிறது என்பது உளவியலின் ஒரு கூறு. பக்கப்பார்வைச் சோதனையின் ஒரு பெறுபேறு நோயைக் காட்டுகிறதா தற்செயலைக் காட்டுகிறதா என்று தீர்மானிக்கப் புள்ளிவிபரவியல் உதவுகின்றது. நுண்கணிதத்தைப் பற்றி நாம் அவ்வாறு கூறத் துணியோம். அன்றாடச் சோதனைக் கூடத்தில் அதற்கு வேலை குறைவு; சல்லடையாக அது செய்யும் வேலையே அதிகம்.

எனவே பாடங்களுக்கு விஞ்ஞான நியாயம் உண்டு. ஆண்டுகளின் எண்ணிக்கைக்கும் அதே நியாயம் உண்டா என்பது வேறு வினா. அதற்குப் பிற நாடுகளை நோக்குதல் வேண்டும். பிரித்தானியாவில் மாணவர் பாடசாலை உயர்தரத்திலிருந்து நேரடியாகவே பார்வை அளவையியற் பட்டப்படிப்புக்குச் சென்றனர். மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு மேற்பார்வைப் பயிற்சியும் நெடுங்காலம் நிலவிய ஒழுங்கு. இந்தியாவில் 1985 இற் சென்னையிலே சங்கர நேத்ராலயாவைச் சார்ந்து தொடங்கப்பட்ட எலீற் பார்வை அளவையியற் பாடசாலை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரை நான்காண்டுப் பட்டத்திற்கு ஏற்றது. அமெரிக்க மாணவர் பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுகளிற் கற்கும் உயிரியல், இரசாயனம், பௌதிகவியல் ஆகியவற்றின் பெரும் பகுதியை நமது க.பொ.த. உயர்தர உயிரியற் பிரிவு மாணவர் இலவசக் கல்வியிற் பாடசாலையிலேயே கற்கின்றனர். அமெரிக்காவிற் பாடசாலை செய்யாது விட்டதைப் பல்கலைக்கழகம் கட்டணத்துக்குச் செய்கின்றது என்பதே இதன் பொருள்.

இங்கிலாந்தின் கட்டணக் கதை வேறு விதமானது. 1948 இற் தேசிய சுகாதார சேவை கண்சோதனையையும் கண்ணாடியையும் இலவசமாக்கிற்று. 1951 இற் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் கட்டணம் விதிக்க அரசாங்கம் முனைந்தபோது அனூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். மூக்குக்கண்ணாடிக்காக அமைச்சுப் பதவி துறக்கப்பட்ட அந்நிகழ்ச்சியை நமது அரசியல் வரலாற்று மாணவர் இன்னும் கவனமாகப் படித்தல் நன்று. 1989 இற் பெரும்பாலோருக்கு இலவசக் கண்சோதனையும் நிறுத்தப்பட்டது. 2006 இல் ஸ்கொற்லாந்து அதனை எல்லோருக்கும் மீட்டது.

முன்னாயத்தத்தின் நீளம் மட்டுமன்றி, அதன் மொழியும் இடமும்கூடக் கற்றவர் பின்னர் எங்கே வாழ்வார் என்பதைத் தீர்மானிக்கின்றன. 1847 முதல் 1873 வரை யாழ்ப்பாணத்தில் மானிப்பாயை மையமாகக் கொண்டு பணிபுரிந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவத்தை ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்கச் சம்பளத்தை நாடி வெளியேறுவதைக் கண்டு, தமிழிற் கற்றவர் கிராமத்திலே தங்குவர் என்னும் எண்ணத்துடன் தமிழ்வழிக் கல்விக்கு மாறினார். மதுரையில் 1976 இல் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களுக்கு ஈராண்டுப் பயிற்சி அளித்து, கண்ணின் ஒளிமுறிவை அளப்பது உள்ளிட்ட பெருமளவு வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தது. அப்பெண்களின் ஊதியமும் தொழில் உரிமையும் தனியே விவாதிக்கப்படவேண்டியவை. ஆனால் அமெரிக்காவில் எட்டு ஆண்டுகளின் பின் அனுமதிக்கப்படும் செயலொன்று இரண்டு ஆண்டுகளின் பின் நன்றாகவே செய்யப்படுகின்றது என்பதை அவை மறைத்துவிடா. நாற்பது வயது கடந்த அசாம் தேயிலைத் தொழிலாளரிடையே நடந்து 2018 இல் வெளிவந்த ஆய்வொன்று, அண்மைப் பார்வைக்கான எளிய கண்ணாடி பெற்றோரின் கொழுந்துப் பறிப்பு, பெறாதோரைவிட ஏறத்தாழ 22 வீதம் மிகுதியாக உயர்ந்ததெனக் கண்டது. அத்தகைய கண்ணாடியை வழங்க டொக்டர் பட்டம் வேண்டியதில்லை. கொழுந்தின் நிறையைக் கொண்டே தொழிலாளியின் கண்ணுக்கு மதிப்பிடப்பட்டமை தோட்டப் பொருளாதாரத்தின் இயல்பை நன்கு காட்டுகின்றது. நமது மலையகத்தார்க்கு அதனை விளக்கவேண்டியதில்லை.

அமெரிக்க நுழைவாயிலுக்கு மீள்வோம். அதன் வெளியே நின்றோர் யாவர்? 1969 இற் கறுப்பினப் பார்வை அளவையாளர்கள் தமக்கெனத் தேசிய ஒப்டோமெற்றிச் சங்கத்தை வேர்ஜீனியாவின் றிச்மண்டில் அமைக்கவேண்டியிருந்தது. இன்றுங்கூடக் கறுப்பின மாணவரின் விகிதம் சனத்தொகையில் அவர்தம் பங்கினின்று மிகத் தாழ்ந்துள்ளது. பெண்களின் நிலை மாறியுள்ளது. ஒருகாலத்தில் அருகிக் காணப்பட்ட அவர்கள் இன்று மாணவரிற் பெரும்பான்மையினர். வர்க்கத் தடை மட்டும் இறுகியுள்ளது. மாலையிலும் விடுமுறையிலும் கூலிக்கு வேலை செய்து படிக்கும் மாணவர், ஊதியமற்ற அவதானிப்பு மணித்தியாலங்களை எங்கிருந்து பெறுவார்? தந்தையோ மாமனோ அத்தொழிலில் இருப்பவருக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பு. தொழிற்கல்வி முடிந்து வெளிவரும்போது இரண்டு இலட்சம் டொலரளவு கடன் அசாதாரணமானதன்று. 2025 இல் நிறைவேறிய கூட்டரசுச் சட்டமொன்று, 1 ஜூலை 2026 முதல் புதிதாகக் கடன்பெறும் உயர்தொழில் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டொலர், மொத்தம் 200,000 டொலர் என்னும் உச்சவரம்பை விதித்தது. கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்படவில்லை. மிகுதியைத் தனியார் வங்கியே கொடுக்கும். தனியார் வங்கி பெற்றோரின் கையொப்பத்தைக் கேட்கும்.

இக்கடனோடு வெளிவருபவர் எதற்குள் நுழைகிறார் என்பதையும் நோக்குவோம். 1983 இற் தொடங்கிய லென்ஸ்கிறாப்ரேர்ஸ் என்னும் கடைத்தொகுதி, ஒரு மணித்தியாலத்திற் கண்ணாடி என்னும் வாக்குறுதியுடன் பரவியது. 1995 இல் இத்தாலிய நிறுவனமான லக்ஸொற்றிக்கா அதனை வாங்கியது. 2018 இல் லக்ஸொற்றிக்காவும் பிரெஞ்சு வில்லை உற்பத்தி நிறுவனமான எசிலோரும் இணைந்தன. வில்லை, சட்டகம், கடை, பார்வைக் காப்புறுதி ஆகிய நான்கும் ஒரே மூலதனத்தின்கீழ் வந்தன. தனிக்கூடம் திறப்பதற்குப் புதிதாகக் கடன் வாங்க இயலாத இளம் பட்டதாரி, இத்தகைய கடைகளில் நாட்சம்பளத்திற்கோ ஆண்டுச் சம்பளத்திற்கோ அமர்கிறார். ஒரு நாளில் எத்தனை கண்கள் சோதிக்கப்படவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவரல்லர். பிரென்ரிஸ் பெரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்த சோதனைக் கட்டணமும் கண்ணாடி விலையும் மீண்டும் ஒரே கல்லாவில் விழுகின்றன. இப்பொழுது கல்லா கைவினைஞனுடையதன்று.

பல மாநிலங்களின் பழைய சட்டங்கள், கண்ணாடிக் கம்பனி பார்வை அளவையாளரை நேரடியாக வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்கின்றன. ஆகவே அளவையாளர் கம்பனிக் கடையின் ஓர் ஓரத்தை வாடகைக்கு எடுத்துத் தமது பெயர்ப்பலகையைத் தொங்கவிடுகிறார். சில மாநிலங்களில் அவருடைய அறைக்குத் தனி வாசலும் இருத்தல் வேண்டும். அவதானிப்பு மணித்தியாலங்களுக்காக அங்கு செல்லும் முதற்பட்ட மாணவர் இரு வாசல்களைக் காண்பார். ஒன்றின் வழியே நோயாளி சோதனைக்கு வருகிறார். சோதனை முடிந்தபின் மற்றொன்றின் வழியே சட்டகங்கள் அடுக்கிய மண்டபத்துக்குச் செல்கிறார். அளவையாளர் மாதந்தோறும் வாடகை செலுத்துவது அம்மண்டபத்தை நடத்தும் கம்பனிக்கே.